மூட்டை சொல்வதும் பன்றியின் ரத்தம் சொல்வதும்
பூஞ்சை நச்சுக்கு எதிரான தீவனச் சேர்ப்புப் பொருள்களை எப்படிச் சோதிப்பது?

மணப்பாறையில் ஒரு தீவனக் கடைக்குள் நுழைந்தால் கண்ணுக்கு முன் மூக்குக்குத் தெரிவது கடலைப் புண்ணாக்கு. அதை அடுத்துத் தவிடு, உடைத்த மக்காச்சோளம், பருத்திக்கொட்டை, தாது உப்பு. இவற்றோடு இன்று பல கடைகளில் இன்னொரு பொட்டலமும் இருக்கிறது. அதன் பெயர் 'டாக்சின் பைண்டர்'. தீவனத்தில் பூஞ்சை நச்சு இருந்தாலும் இது பிடித்துக்கொள்ளும், கால்நடையின் உடம்பில் ஏறவிடாது என்பது விற்பவர் தரும் உறுதி. ஒரு டன் தீவனத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்து கிலோ வரை கலக்கச் சொல்வார்கள்.

மணப்பாறை மாட்டுக்குப் பெயர்போன ஊர். வெண்பன்றி வளர்ப்பவர்கள் இங்கே எண்ணிக்கையில் குறைவு. ஆனால் பைண்டர் வேலை செய்கிறதா என்ற கேள்வியைப் பன்றியிடம்தான் முதலில் கேட்க வேண்டும். பண்ணை விலங்குகளில் பூஞ்சை நச்சு வகைகள் பலவற்றுக்கும் கூர்மையாக எதிர்வினை காட்டுவது அதுதான். இந்தப் பொருள்களைச் சோதிக்கும் முறைகள் நுணுக்கமாக வளர்ந்ததும் பன்றி ஆராய்ச்சியில்தான். அந்த முறைகள் என்ன, அவற்றில் எது நம்பத்தக்கது, நம் வட்டாரத்துக்கு எது பொருந்தும் என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

நச்சு எங்கிருந்து வருகிறது?

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. நோய்க்குப் பெயர் வைக்கத் தெரியாமல் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றார்கள். காரணத்தைத் தேடிய தேடல் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் முடிந்தது. அதில் வளர்ந்த அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சையின் பெயரிலிருந்தே அஃப்லடாக்சின் என்ற பெயர் பிறந்தது.

நம் நாட்டுப் பாடம் இதைவிடக் கொடியது. 1974-ன் இறுதியில் குஜராத்தின் பஞ்சமகால், ராஜஸ்தானின் பான்ஸ்வாரா பகுதிகளில் பழங்குடிக் கிராமங்களில் மஞ்சள் காமாலை பரவியது. மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை அந்த மக்கள் சாப்பிட்டிருந்தார்கள். பதிவான 397 நோயாளிகளில் 106 பேர் இறந்தார்கள். அதே வீடுகளில் அதே மக்காச்சோளத்தைத் தின்ற நாய்களும் செத்தன. மனிதனுக்கும் விலங்குக்கும் ஒரே தானியம், ஒரே நச்சு.

அஃப்லடாக்சின் உண்டாக்கும் பூஞ்சைக்கு 25 முதல் 35 டிகிரி வெப்பமும் ஈரப்பதமும் போதும். மணப்பாறை அமைந்த திருச்சி வட்டாரத்தில் வெப்பத்துக்கு என்றும் குறைவில்லை. வடகிழக்குப் பருவமழை ஈரத்தைக் கொண்டுவருகிறது. மானாவாரியில் நிற்கும் கடலை முதிரும் நேரத்தில் வறட்சி தாக்கினால் பூஞ்சை நிலத்திலேயே காய்க்குள் புகுந்துவிடும். அறுத்த மக்காச்சோளம் களத்தில் காயும்போது மழை பிடித்தால் குவியலுக்குள் பூஞ்சை ஓடும்.

இன்னொரு குடும்பம் ஃபியூசேரியம். இதன் நச்சுகளில் மூன்று பன்றிக்கு முக்கியம்: பியூமோனிசின், சியரலினோன், 'வாந்தி நச்சு' என்று அழைக்கப்படும் டிஆக்சினிவாலினால். கடைசி இரண்டும் குளிர்ந்த, ஈரமான நாடுகளில் அதிகம். பியூமோனிசின் வெப்பநாட்டு மக்காச்சோளத்திலும் நன்றாக வளரும். 1988-ல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1995-ல் தக்காணத்தில் மழையில் நனைந்த சோளமும் மக்காச்சோளமும் உண்டவர்களுக்கு வயிற்றுவலியும் பேதியும் வந்தபோது அதற்கும் பியூமோனிசினே காரணமாகக் கண்டறியப்பட்டது. பூச்சி துளைத்த கதிரில் இந்தப் பூஞ்சை எளிதில் புகும். 2018-ல் கர்நாடகத்தில் முதன்முதலாகக் காணப்பட்ட படைப்புழு அதே ஆண்டில் தமிழக மக்காச்சோளத்திலும் இறங்கியது. பெரம்பலூர் உழவர்கள் அன்று கண்ட சேதம் விளைச்சலில் மட்டும் முடிந்துவிடுவதில்லை. பூச்சி போன வழியில் பூஞ்சை வரும், பூஞ்சை வந்த தானியம் தீவன ஆலைக்குப் போகும்.

கொதிக்கவைத்தால் நச்சு போய்விடும் என்ற தவறான நம்பிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். தமிழகத்தில் வெண்பன்றிப் பண்ணைகள் பலவும் ஓட்டல், விடுதி, திருமண மண்டப உணவுக் கழிவை நம்பி நடக்கின்றன. அதைக் கொதிக்கவைத்துக் கொடுக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள். 2020-ல் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்தபின் அது கட்டாயத் தேவையே ஆகிவிட்டது. ஆனால் கொதிநீர் கிருமியைக் கொல்லும், பூஞ்சையைக் கொல்லும். பூஞ்சை விட்டுச்சென்ற நச்சை அது அழிக்காது.

பன்றி ஏன் முதலில் வீழ்கிறது?

மாட்டின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் சில நச்சுகளை ஓரளவு சிதைத்துவிடும். பன்றிக்கு அந்த வசதி இல்லை. நச்சு நேரே குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்குப் போகிறது. ஒவ்வொரு நச்சும் தனக்கென ஓர் உறுப்பைத் தேர்ந்தெடுக்கிறது. அஃப்லடாக்சின் கல்லீரலைத் தாக்கும். குட்டிகள் தீவனம் குறைத்து, வளர்ச்சி நின்று, மயிர் சிலிர்த்து நிற்கும். சியரலினோன் பெண்மை ஹார்மோன்போல நடிக்கும். பருவமடையாத பெண் குட்டியின் பிறப்புறுப்பு வீங்கிச் சிவக்கும், தாய்ப்பன்றி சினை பிடிக்காது. வாந்தி நச்சு தீவனத்தில் ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் அளவுக்கு வந்தாலே பன்றி தொட்டியிலிருந்து முகத்தைத் திருப்பத் தொடங்கும். பியூமோனிசின் அளவு மிஞ்சினால் நுரையீரலில் நீர் கோத்து இறப்பு வரும். அமெரிக்காவில் 1989-ம் ஆண்டு அறுவடை மக்காச்சோளத்தைத் தின்ற பன்றிகளில் இது பரவலாகக் காணப்பட்டது. இன்னொரு பூஞ்சை நச்சான ஆக்ராடாக்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். டென்மார்க்கில் வெளிறி வீங்கிய பன்றிச் சிறுநீரகங்களை ஆராய்ந்தவர்களே இதை உலகுக்கு உணர்த்தினார்கள்.

இந்தப் பட்டியலிலிருந்து சோதனைக்கான முதல் விதி கிடைக்கிறது. பூஞ்சை நச்சு என்பது ஒரு பொருள் இல்லை, ஒரு கூட்டம். 'எல்லா நச்சையும் பிடிக்கும்' என்று ஒரு பொட்டலம் சொன்னால், எந்த நச்சுக்கு, எந்த உறுப்பில், என்ன சான்று என்று தனித்தனியாகக் கேட்டாக வேண்டும்.

பைண்டர் செய்யும் வேலை

இந்தப் பொருள்களை இரு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, பிடித்துவைப்பவை. பென்டோனைட் போன்ற களிமண்கள், மரக்கரி, ஈஸ்டின் செல்சுவர் ஆகியவை இதில் அடங்கும். களிமண்ணின் மெல்லிய அடுக்குகளுக்கு இடையே தட்டையான அஃப்லடாக்சின் மூலக்கூறு நுழைந்து சிக்கிக்கொள்ளும், சாணத்தோடு வெளியேறிவிடும். 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டெக்சாஸில் திமோதி பிலிப்ஸ் குழுவினர் இதைக் காட்டிய பிறகே களிமண் தீவனத் தொழிலில் பெரிதாக நுழைந்தது.

ஆனால் வாந்தி நச்சின் மூலக்கூறுக்கு வேறு வடிவம், வேறு குணம். களிமண் அடுக்குக்குள் அது தங்குவதில்லை. சியரலினோனையும் பியூமோனிசினையும் சாதாரணக் களிமண் அரைகுறையாகவே பிடிக்கும். மரக்கரி பலவற்றையும் பிடிக்கும். ஆனால் தேவையான வைட்டமின்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போகும்.

இரண்டாவது வகை, நச்சை உருமாற்றுபவை. நொதியோ உயிர்ப்புள்ள பாக்டீரியாவோ நச்சின் மூலக்கூறை வெட்டித் தீங்கற்றதாக்கும். பியூமோனிசினை உடைக்கும் எஸ்டரேஸ் நொதி ஒன்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் பன்றித் தீவனத்தில் அனுமதி கொடுத்தது. வாந்தி நச்சு சார்ந்த குடும்பத்தை மாற்றும் பாக்டீரியா ஒன்றுக்கு 2013-லேயே அனுமதி கிடைத்தது. அதே ஆண்டில் அஃப்லடாக்சினுக்கு எதிராக பென்டோனைட்டுக்கும் அனுமதி தரப்பட்டது. ஒவ்வோர் அனுமதியும் குறிப்பிட்ட நச்சுக்கு மட்டுமே தரப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

சோதனைக்குழாயின் சாட்சி

மலிவான, விரைவான சோதனை கண்ணாடிக் குழாயில் நடக்கிறது. அமில நீரில் நச்சைக் கரைத்து, பைண்டரைச் சிறிதளவு போட்டு, குலுக்கி, மீதமிருக்கும் நச்சை அளப்பார்கள். ஐரோப்பிய விதிப்படி பென்டோனைட்டுக்கு அமிலநிலை (pH) 5 உள்ள கரைசலில், லிட்டருக்கு 4 மில்லிகிராம் அஃப்லடாக்சின் இருக்கும்போது, 0.02 சதவீத அளவு களிமண்ணே 90 சதவீதத்துக்கு மேல் பிடிக்க வேண்டும்.

இந்தச் சோதனை தேவையானது. தரம் கெட்ட களிமண்ணை வடிகட்ட இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் இதோடு நின்றுவிட்டால் ஏமாற்றமே. பன்றியின் இரைப்பை கடும் அமிலம். அங்கே பிடித்த நச்சைக் குடலின் மாறிய சூழலில் பைண்டர் விட்டுவிடலாம். அதனால் இரைப்பை நிலையில் பிடித்தது எவ்வளவு, குடல் நிலையில் நழுவியது எவ்வளவு என்று இரண்டையும் அளந்து கழித்துப் பார்க்க வேண்டும். குழாயில் தண்ணீரும் நச்சும் மட்டும் இருக்கும். பன்றியின் வயிற்றிலோ மாவுச்சத்து, கொழுப்பு, புரதம், பித்தநீர் எல்லாம் பைண்டரிடம் இடம் கேட்டுப் போட்டியிடும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெறும் சோதனைக்குழாய் முடிவை ஏற்பதில்லை. பரிந்துரைக்கும் குறைந்த அளவிலேயே பொருள் பயன் தருகிறது என்பதை உயிருள்ள விலங்கில், குறைந்தது மூன்று தனித்தனி ஆய்வுகளில் காட்ட வேண்டும் என்கிறது.

பன்றியின் உடம்பில்

நல்ல ஆய்வில் குறைந்தது நான்கு குழுக்கள் வேண்டும். முதல் குழுவுக்குச் சுத்தமான தீவனம். இரண்டாவதற்கு நச்சுள்ள தீவனம். மூன்றாவதற்கு நச்சும் பைண்டரும். நான்காவதற்குச் சுத்தமான தீவனத்தோடு பைண்டர் மட்டும். விளம்பரத் தாள்களில் அடிக்கடி விடுபட்டுப்போவது இந்த நான்காவது குழு. அது இல்லையென்றால், குட்டி நன்றாக வளர்ந்தது நச்சு பிடிபட்டதாலா, களிமண் குடலைச் சீராக்கியதாலா என்று சொல்லவே முடியாது. பைண்டர் வைட்டமினையோ மருந்தையோ பறித்துக்கொள்கிறதா என்பதையும் அந்தக் குழுவே காட்டும். டைலோசின் போன்ற நோய்க்கொல்லி மருந்தை பென்டோனைட் பிடித்துக்கொள்ளக்கூடும் என்ற எச்சரிக்கை இருக்கிறது.

எண்ணிக்கையிலும் நேர்மை வேண்டும். ஒரே கொட்டிலில், ஒரே தொட்டியில் தின்னும் ஆறு பன்றிகளை ஆறு சாட்சிகளாக எண்ணக்கூடாது. கொட்டில்தான் ஓர் அலகு. ஒவ்வொரு குழுவுக்கும் பல கொட்டில்கள் இருந்தால்தான் கிடைத்த வித்தியாசம் தற்செயல் இல்லை என்று சொல்ல முடியும்.

அடுத்தது, எதை அளப்பது? எடை கூடியதைக் காட்டுவது எளிது, விற்பனைக்கும் உதவும். ஆனால் எடை நூறு காரணங்களால் கூடும், குறையும். நம் பண்ணைகளில் நச்சு பெரும்பாலும் குறைந்த அளவில் நாள்தோறும் போய்க்கொண்டிருக்கும். அந்த அளவில் எடை உடனே பேசாது, நோய் எதிர்ப்புச் சக்தியே மெல்லக் குறையும். ஆகவே நச்சு உடம்பில் விட்டுச்செல்லும் தடத்தையே அளக்க வேண்டும். வாந்தி நச்சுக்கு அதையும் அதன் சிதைபொருளையும் ரத்தத்தில் பார்க்கலாம். சியரலினோனுக்கு ரத்தத்தின் பிளாஸ்மாவில் அதன் அளவோடு, பருவமடையாத குட்டியின் கருப்பை எடையும் சாட்சி சொல்லும். ஆக்ராடாக்சினுக்குச் சிறுநீரகம். பியூமோனிசினுக்கு ரத்தத்தில் ஸ்பிங்கனைன், ஸ்பிங்கோசின் என்ற இரு கொழுப்புப் பொருள்களின் விகிதம். நச்சு ஏறினால் அந்த விகிதம் உயரும், பைண்டரோ நொதியோ வேலை செய்தால் இறங்கும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒருமுறை மட்டும் நச்சைக் கொடுத்து, மணிக்கணக்கில் ரத்தம் எடுத்து, எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று கோடு வரைந்து பார்க்கும் முறையைப் பன்றியில் செம்மைப்படுத்தியிருக்கிறார்கள். பைண்டர் உண்மையில் பிடித்தால் அந்தக் கோடு தாழும்.

நச்சைக் கொடுத்துச் செய்யும் சோதனை விலங்குக்குத் துன்பம். இந்தியாவில் இத்தகைய ஆய்வுகள் 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த குழுவின் மேற்பார்வைக்கு உட்பட்டவை. ஒழுங்காக வடிவமைக்காத ஆய்வு அறிவைத் தராது, துன்பத்தை மட்டும் தரும். அதனாலும் வடிவமைப்பில் பிசகு கூடாது.

ஒரு மணி சோளத்தின் கணக்கு

எந்தச் சோதனையையும் கவிழ்க்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது மாதிரி எடுப்பது. இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் அளவுகோலில் மாட்டுத் தீவனத்துக்கு அஃப்லடாக்சின் உச்சவரம்பு 20 பிபிபி. அதாவது ஒரு டன்னில் 20 மில்லிகிராம். இந்த நுண்ணிய அளவு மூட்டை முழுதும் சீராகப் பரவி இருப்பதில்லை. மோசமாகப் பூஞ்சை பிடித்த ஒற்றை மக்காச்சோள மணியில் கிராமுக்கு நான்கு லட்சம் நானோகிராம் வரை இருந்ததாக ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஒரு மணியின் எடை சுமார் 0.3 கிராம் என்றால் அதில் 120 மைக்ரோகிராம் நச்சு. ஐந்து கிலோ மாதிரியில் சுமார் 16,700 மணிகள் இருக்கும். அவற்றில் அப்படி ஒன்றே ஒன்று விழுந்தாலும் முழு மாதிரியும் 24 பிபிபி ஆகிவிடும், வரம்பைத் தாண்டிவிடும். அந்த மணி விழாவிட்டால் அதே மூட்டை 'சுத்தம்'.

ஒரு கைப்பிடி எடுத்துச் சோதித்து 'பைண்டர் தேவையில்லை' என்பதும், 'பைண்டர் போட்டபின் நச்சு குறைந்துவிட்டது' என்பதும் இரண்டுமே பிழை. பல மூட்டைகளில், மேல், நடு, அடி என்று பல இடங்களில் குத்தூசியால் எடுத்து, ஒன்றாகக் கலந்து, முழுவதையும் அரைத்து, அதிலிருந்தே சோதனைக்குப் பிரிக்க வேண்டும்.

பைண்டர் தீவனத்தில் இருக்கும் நச்சை அழிப்பதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அது விலங்கின் குடலில்தான் வேலை செய்கிறது. ஆகவே பைண்டர் கலந்த தீவனத்தை ஆய்வகத்துக்கு அனுப்பி அதன் பயனை அறிய முடியாது.

மணப்பாறைக்கு ஒரு சாட்சி: மடி

இந்தியாவில் இந்தக் கேள்வி ஏட்டுக் கேள்வியாக நின்றுவிடவில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்து, அடுத்த ஆண்டு முடிவை வெளியிட்டது. 368 மாதிரிகளில், அதாவது 5.7 சதவீதத்தில், அஃப்லடாக்சின் எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. எண்ணிக்கையில் மாநிலங்களில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. எடுத்த 551 மாதிரிகளில் 88. அந்த நச்சு தீவனத்திலிருந்து வருகிறது என்பதை ஆணையமே சுட்டிக்காட்டியது. மாட்டுக்குப் பெயர்போன மணப்பாறை இதைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது.

இதில் ஒரு நன்மையும் உண்டு. பசு தின்ற அஃப்லடாக்சின் பி1-ல் ஏறத்தாழ 1 முதல் 6 சதவீதம் எம்1 ஆக மாறிப் பாலில் வரும். ஒரே நாளில் தெரியும், நச்சை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் மறையும். பைண்டரைச் சோதிக்க இதைவிடத் துன்பமில்லாத வழி கிடையாது. அதே தீவனத்தை உண்ணும் பசுக்களின் பாலைப் பைண்டருக்கு முன்னும் பின்னும் சோதித்தால், அஃப்லடாக்சின் வரை பொருள் வேலை செய்கிறதா என்று மடியே சொல்லிவிடும். பன்றிக்கு அந்த வசதி இல்லாததால் ரத்தத்தையும் கல்லீரலையும் கேட்க வேண்டியிருக்கிறது. வெண்பன்றி, பால்மாடு இரண்டுக்கும் ஒரே கடையில் ஒரே மக்காச்சோளம் போகும் வட்டாரத்தில், மாட்டில் தொடங்கிப் பன்றியில் உறுதிசெய்வதே சிக்கனமான பாதை.

சட்டம் எங்கே நிற்கிறது?

ஐரோப்பிய ஒன்றியம் 2009-ல் பூஞ்சை நச்சைக் குறைக்கும் பொருள்களுக்கென்றே தனிப் பிரிவை உண்டாக்கி, சான்று இல்லாமல் அந்தப் பெயரில் விற்க முடியாதபடி செய்தது. அமெரிக்காவில் நச்சைப் பிடித்துவைக்கும் வேலைக்கென உணவு மருந்து நிர்வாகம் எந்தக் களிமண்ணையும் அங்கீகரித்ததில்லை. அங்கே இந்தக் களிமண்கள் தீவனம் கட்டிதட்டாமல் இருக்க உதவும் பொருள் என்ற தகுதியில் விற்பனையாகின்றன. களிமண்ணுக்கும் சுத்தம் வேண்டும் என்பதை 1997-ல் அங்கே நடந்தது காட்டியது. தீவனத்தில் கலந்த ஒருவகைக் களிமண்ணில் டையாக்சின் இருந்து, கோழியிலும் வளர்ப்பு மீனிலும் ஏறியது. நச்சைப் பிடிக்க வந்த பொருளே நச்சைச் சுமந்து வரலாம். ஆகையால் பைண்டரின் சுத்தத்தையும் சோதிக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

ஐரோப்பாவின் ஆய்வுகளில் பெரும்பகுதி வாந்தி நச்சையும் சியரலினோனையும் முன்வைத்து, குளிர்நாட்டுக் கோதுமை, பார்லித் தீவனத்தில் நடந்தவை. திருச்சிச் சீமையில் மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, தவிடு, ஓட்டல் கழிவு. நச்சும் வேறு: அஃப்லடாக்சினும் பியூமோனிசினும் சேர்ந்து வரும் சாத்தியமே அதிகம். அவர்களுடைய முறையைக் கற்றுக்கொள்ளலாம், முடிவை அப்படியே இரவல் வாங்க முடியாது. நம் தானியத்தில் இயற்கையாகப் பிடித்த பூஞ்சையோடு, நம் வெயிலில், நம் பண்ணையில் வளரும் வெண்பன்றியில் சோதனை நடக்க வேண்டும்.

அதற்கான கட்டுமானம் தமிழ்நாட்டில் இருக்கிறது. 1989-ல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு நாமக்கல்லில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் உண்டு, காட்டுப்பாக்கத்தில் பன்றி ஆராய்ச்சி உண்டு, திருச்சி கொட்டப்பட்டில் பயிற்சி மையம் உண்டு. இவை மூன்றும் கைகோத்து, சந்தையில் விற்கும் பைண்டர்களை நான்கு குழு முறையில் சோதித்து, முடிவைத் தமிழில் எளிய பட்டியலாக வெளியிட்டால் உழவருக்கு அதைவிடப் பெரிய உதவி இருக்காது.

அதுவரை வளர்ப்பவர் கையிலும் சில வேலைகள் உண்டு. முதலாவதும் முக்கியமானதும் உலர்த்துவது. ஈரம் 13 சதவீதத்துக்குக் கீழே வந்த மக்காச்சோளத்தில் பூஞ்சை வளர வழியில்லை. மூட்டையைத் தரையில் வைக்காமல் கட்டை மேல், சுவரைத் தொடாமல் அடுக்க வேண்டும். பூச்சி துளைத்த, நிறம் மாறிய மணிகளைச் சலித்து எடுத்தாலே நச்சில் பெரும்பங்கு போய்விடும். சலித்ததைப் பன்றிக்குக் கொட்டிவிடக் கூடாது. புண்ணாக்கை நாளாக நாளாகச் சேர்த்துவைக்காமல் தேவைக்கு வாங்க வேண்டும். குட்டிக்கும் சினைப்பன்றிக்கும் இருப்பதில் நல்ல தானியத்தை ஒதுக்க வேண்டும்.

பைண்டர் இதற்கெல்லாம் பிறகு வருவது. அஃப்லடாக்சினுக்கு நல்ல களிமண் வேலை செய்கிறது, சான்று உறுதியானது. பியூமோனிசினுக்கு நொதியில் நம்பத்தக்க சான்று இருக்கிறது. மற்றவற்றுக்கு ஒவ்வொரு பொருளாகக் கேட்டுத்தான் முடிவுக்கு வர முடியும். அடுத்த முறை கடையில் பொட்டலத்தை எடுக்கும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்த நச்சுக்கு? எந்த விலங்கில் சோதித்தீர்கள்? ரத்தத்திலோ உறுப்பிலோ எதை அளந்தீர்கள்? பைண்டர் மட்டும் கொடுத்த குழு இருந்ததா? விடை எழுத்தில் வராவிட்டால் அந்தப் பணத்தில் தார்ப்பாய் வாங்குங்கள். நனையாத சோளத்துக்குப் பைண்டரின் தேவை குறைவு.